பென்சிலில் எழுதிய நடுப்பகுதி

ஓபோ என்கிற மரக்குழலுக்காக ரெய்ன்டர் தம்மெஸ் எழுதிய சொனாட்டாவுக்கு மூன்று பகுதிகள். முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் ஓபோ வாசிக்கிற ஹில்யேவின் கையில் இருந்தன. நடுப்பகுதியைக் காணவில்லை. ரெய்ன்டர் பிறந்து நூறு ஆண்டு நிறைகிற அக்டோபர் பதினான்காம் தேதி, அவருடைய சொந்த ஊரான ஓட்டர்வீரின் தேவாலயத்தில் கச்சேரி. அதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. நடுப்பகுதி இல்லாவிட்டாலும் வந்து உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போக நாற்பது பேர் தேறுவார்கள். ஆனால் அதை மட்டுமே கேட்பதற்காக ஓர் உயிர் காத்துக்கொண்டிருந்தது. ரெய்ன்டரின் தங்கை கேஸ்கே. தொண்ணூற்றிரண்டு வயது.

ரெய்ன்டரை நாடு மறந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர் எழுதிய காலத்தில் இசைக்காரர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. காதுக்கு இதமாக ஒரு மெட்டு எழுதிவிட்டால் போதும், பத்தாம்பசலி என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஓபோவுக்கு மட்டும் பதினோரு உருப்படிகள் எழுதிய மனிதர், ரேடியோ இசைக்குழு ஒன்றில் இரண்டாம் ஓபோ வாசித்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருடக் கடைசியில் ஹில்வர்சமில் ஒரு வாடகை அறையில் இறந்துபோனார். செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. அதிலும் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.

ஹில்யேவும் இருபத்தேழு வருடம் இரண்டாம் ஓபோ வாசித்தவள்தான். இரண்டாம் ஓபோக்காரர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில் தூசு படிந்த கட்டு ஒன்றில் அந்தப் பெயரைப் பார்த்தாள். அட, நம்ம ஊர் பேக்கரி கேஸ்கே அத்தையின் அண்ணன் அல்லவா என்று எடுத்துப் பிரித்தவள், அப்புறம் அவரை விடவில்லை. மங்கிப்போன எழுத்தையெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு படியெடுத்தாள். அந்த மெட்டுகளின் நீளமான மூச்சுக்கு ஈடுகொடுக்கிற மாதிரி நாணலைச் சீவிச் சீவிப் புதுச் சீவாளிகள் செய்தாள். கூடப் பியானோ வாசிக்கிற யூரியனை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், இருபது பேருக்கும் முப்பது பேருக்கும் முன்னால் வாசித்தாள். பத்து உருப்படிகளுக்கு உயிர் வந்துவிட்டது. பதினோராவது இந்த சொனாட்டா.

வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அவள் கேஸ்கே அத்தை வீட்டில் இருப்பாள். காபி வரும். தகர டப்பா திறக்கும். ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ள வேண்டியது. எடுத்த கை வெளியே வந்ததும் மூடி டப்பென்று மூடிக்கொள்ளும். அந்த ஊரில் காபிக்கு ஒரே ஒரு பிஸ்கட்தான்; நாற்பது வருடம் பேக்கரி நடத்தியவர் வீட்டிலும் அதுதான் சட்டம்.

“கிடைச்சுதா?” என்றார் அத்தை.

“இன்னும் இல்லை அத்தை.”

“தேடு. நான் போறதுக்குள்ள தேடு. டாக்டர் என்னைப் பாக்கும்போதெல்லாம் ஆச்சரியப்படறான். அது நல்லதுக்கில்ல.”

அந்த நடுப்பகுதி எதற்காக எழுதப்பட்டது என்பது ஹில்யேவுக்கு வசந்த காலத்தில்தான் தெரிந்தது. அந்த ஊரின் எல்லா வீடுகளையும் போல அத்தை வீட்டுக் கழிவறையிலும் ஆணியில் ஒரு பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. வருடம் இல்லாத, மாதத்துக்கு ஒரு தாள் வீதம் பன்னிரண்டு தாள். சொந்தம், பக்கத்து வீடு, பழைய வாடிக்கைக்காரர் என்று எல்லோர் பெயரும் நீலப் பேனாவில் இருந்தன. செத்தவர்களின் பெயரை அத்தை அடிப்பதில்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிடுவார். செப்டம்பர் தாளில் ஹில்யேவின் பெயரும் ஏறியிருந்தது. ஓட்டர்வீரில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டு கொஞ்சுவதில்லை. காலண்டரில் பெயர் ஏறினால் அதுதான் கொஞ்சல். ஆனால் மார்ச் ஒன்பதாம் தேதியில் மட்டும் பெயர் இல்லை. வெறும் சிலுவை.

அவள் கேட்டபோது அத்தை காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

“அம்பத்தெட்டாம் வருஷம். ஆம்பளப் பிள்ளை. அழவே இல்ல. நர்ஸ் துணியில சுத்திக் கொண்டுபோயிட்டா. மூஞ்சியக் காட்டல. பாத்தா மறக்க முடியாதாம். பாக்காம மட்டும் மறந்துட்டேனாக்கும்.”

“மாமா?”

“ஹார்ம் ரொட்டி போடற சைக்கிள்ல, முன்னாடி கூடையில வெச்சு எடுத்துட்டுப் போனாரு. எங்க புதைச்சாருன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. பேர் வெக்கவும் விடல. பொறக்காத பிள்ளைக்குப் பேர் எதுக்குன்னு கேட்டாங்க.” கரண்டியைத் தட்டின் மேல் வைத்தார். “மே மாசம் ரெய்ன்டர் வந்தான். ஆறுதலா ஒரு வார்த்தை பேசத் தெரியாது அவனுக்கு. முன் ரூம்ல நின்னுக்கிட்டு ஓபோவை எடுத்து வாசிச்சான். ஆறு நிமிஷம். அடுப்புல உருளைக்கிழங்கு வெந்துட்டிருந்துச்சு, அதனால கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே கேட்டேன். முடிச்சுட்டு, ‘இது உன்னுது கேஸ்கே, யாருக்கும் குடுக்க மாட்டேன்’னான். அந்தப் பிள்ளைக்குன்னு எனக்கு இருந்தது அந்த ஆறு நிமிஷம்தான். அதுவும் இப்ப ஞாபகம் இல்ல. எப்படி ஆரம்பிக்கும்னுகூடத் தெரியல.”

அன்றிலிருந்து ஹில்யேவுக்குத் தூக்கம் குறைந்துபோனது. மற்றப் பத்தையும் நாடு மறந்துபோன ஒரு இசைக்காரருக்காகத் தேடினாள். இதை இந்த மனுஷிக்காகத் தேடினாள்.

கச்சேரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஹார்லெமிலிருந்து ஒரு தபால் உறை வந்தது. ரெய்ன்டரோடு ரேடியோவில் வாசித்தவரின் மகள், அப்பாவின் கடிதங்களில் ஒன்றைக் கண்டெடுத்து அனுப்பியிருந்தாள். அறுபதாம் வருடம் ரெய்ன்டர் எழுதியது: ‘சொனாட்டாவின் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் ரேடியோவுக்குக் கொடுத்துவிட்டேன். நடுவில் உள்ளதைக் கேட்டு நச்சரிக்கிறார்கள். கொடுக்க மாட்டேன். அது நீல அட்டைக்குள் பென்சிலிலேயே இருக்கும். பேனாவால் படியெடுப்பது அந்நியர்களுக்காக. இது கேஸ்கேயுடையது.’

ஹில்யே சமையலறையில் நின்றபடி அதை மூன்று முறை படித்தாள். படியெடுக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை என்றால் அது ஹில்வர்சம் அறையில் இருந்திருக்க வேண்டும். அறையிலிருந்த எல்லாமும் கேஸ்கே அத்தை வீட்டுக்குத்தான் வந்தது. கடிதத்தைப் பற்றி வாயைத் திறக்காமல், நீல அட்டையோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அத்தையின் முகம் எப்படி மாறும் என்று கார் ஓட்டிக்கொண்டே நினைத்துப் பார்த்தாள்.

அத்தை வீட்டு முன் அறை அலமாரியை இன்னொரு தடவை முழுக்க இறக்கினாள். எல்லாம் பேனா எழுத்து. அச்சடித்ததுபோல் அழகான எழுத்து. நீல அட்டை ஒன்றுகூட இல்லை.

“பென்சில்ல எழுதுனது எதுவும் இல்லையா அத்தை?”

அத்தை மேசைவிரிப்பைக் கையால் நீவிவிட்டார். “பென்சில்ல இருக்கறதெல்லாம் கிறுக்கல்” என்றார். “அவனே அப்படித்தான் சொல்லுவான். நல்லா வந்ததைத்தான் பேனாவுல எழுதுவான்.” அன்றைக்கு ஹில்யே பிஸ்கட் எடுப்பதற்கு முன்பே டப்பா மூடிக்கொண்டது.

மறுநாள் அவள் ஊர் வாத்தியக் குழுவின் கூடத்துக்குப் போனாள். கச்சேரிக்கு இரண்டு இசைத்தாள் தாங்கிகள் இரவல் வேண்டும். சாவி வைத்திருக்கிற எல்ட்யோ அவளைவிட நான்கு வயது மூத்தவன், அந்தக் காலத்தில் பெரிய முரசு அடித்தவன். தாங்கிகளுக்காக அலமாரியைத் திறந்தவன் ஒரு கறுப்புப் பெட்டியை வெளியே இழுத்தான்.

“பாத்தியா, உன் பழைய காதலன். இன்னும் இங்கதான் கிடக்கான்.”

அவள் பதினான்கு வயதில் கற்றுக்கொண்ட ஓபோ. மேல் துண்டில் நீளமாக விரிசல் ஓடியிருந்தது.

“எண்பத்தொண்ணுல இதுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்” என்றான் எல்ட்யோ. “ஊர்ல ஒருத்தி ஓபோ கத்துக்கணும்னுட்டா. சனிக்கிழமை சனிக்கிழமை டிராக்டர் பின்னாடி நின்னு பழைய பேப்பர் பொறுக்கி எடைக்குப் போட்டது நானு. அப்படியும் எடை பத்தல. கடைசியில பேக்கரி அத்தைதான் காப்பாத்துனாங்க. நாலு வாழைப்பழப் பெட்டி நிறைய. தடி காகிதம், என்னா கனம்.”

“என்ன காகிதம்?”

“இசைத்தாள்தான். அவங்க அண்ணனோடது. நான்கூடக் கேட்டேன், ‘அத்தை, பாட்டு மாதிரி இருக்கே, போடலாமா’ன்னு. ‘பேனாவுல இருக்கறதெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்டா, இது பென்சில் கிறுக்கல். ஓபோ வாங்கறதுக்குன்னா அவனே சந்தோசப்படுவான், ஏத்து’ன்னாங்க. நீல நீலமா அட்டை. இன்னும் கண்ணுல நிக்குது. ஏன், உனக்கு என்ன ஆச்சு? உக்காரு, உக்காரு.”

அவள் உட்காரவில்லை. தாங்கிகளையும் மறந்துவிட்டு வெளியே வந்தாள். கால்வாய் ஓரத்தில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ஊரே சேர்ந்து பழைய பேப்பர் போட்டு எனக்கு ஓபோ வாங்கித் தந்தது என்று வாழ்நாளெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். மேடையில்கூடச் சொல்லியிருக்கிறாள், ஜனங்கள் கைதட்டியிருக்கிறார்கள். அந்த ஓபோ இல்லாவிட்டால் அவள் இன்றைக்கு ஏதோ ஒரு கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள், ரெய்ன்டர் தம்மெஸ் என்ற பெயரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். ஓபோவைக் கொடுத்ததும் அந்தப் பெட்டிகள்தான், ஓபோவுக்கான இசையைத் தின்றதும் அந்தப் பெட்டிகள்தான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அண்ணன் சந்தோஷப்படுவான் என்று நினைத்து, ஒரு ஊர்ப் பெண்ணுக்காக அள்ளிக் கொடுத்த அத்தைமேலா?

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை காபி ஊற்றுவதற்கு முன்பே கேட்டார்.

“நேராச் சொல்லு. கிடைக்காதுல்ல?”

“கிடைக்காது அத்தை.”

“ஏன்?”

ஹில்யே இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். “ரேடியோக்காரங்ககிட்ட இருந்துச்சாம். கட்டடம் மாத்துனப்போ தொலைச்சுட்டாங்களாம்.”

அத்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அவங்கதான் தொலைச்சாங்களா? நிச்சயமா?”

“நிச்சயமா.”

“நாப்பது வருஷமா நெஞ்சுல ஒரு பயம், ஹில்யே. இதே மேசையிலதான் பிரிச்சேன். பேனா இந்தப் பக்கம், பென்சில் அந்தப் பக்கம். நாலு பெட்டி பென்சில். உனக்கு ஓபோ வாங்கறாங்கன்னு அவ்வளவையும் தூக்கிக் குடுத்தேன். அப்புறம்தான் தோணுச்சு, நான் ஒண்ணொண்ணாப் பாக்கலையேன்னு. கேக்கவும் பயம், சொல்லவும் பயம்.” கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். “அப்ப நான் இல்ல.”

“நீங்க இல்ல அத்தை.”

தப்பித்தோம் என்று ஹில்யே மூச்சு விட்டாள். அத்தை காபி ஊற்றினார். பாதிக் கோப்பையில் கை நின்றது.

“ரேடியோவுக்கு எப்படிப் போச்சு?”

ஹில்யேவுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது.

“அப்ப அவன் பேனாவுல எழுதிக் குடுத்திருக்கான்” என்றார் அத்தை. “ஊர் கேக்கறதுக்கு. உன்னுது, யாருக்கும் குடுக்க மாட்டேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னவன்.” காபிக் குடுவையை அடுப்பின் மேல் திரும்ப வைத்தார். “போகட்டும். அவனும் பொழைக்கணுமில்ல.”

பிஸ்கட் டப்பா திறக்கவே இல்லை. வாசலில் விடைகொடுக்கும்போது வழக்கமாகச் சொல்கிற ‘பாத்துப் போ பொண்ணே’கூட வரவில்லை. ஹில்யே ஒரு வாரம் செத்துச் செத்துப் பிழைத்தாள். உண்மையைச் சொன்னால் அத்தை தன் பிள்ளையைத் தன் கையாலேயே இரண்டாம் முறை தொலைத்தவர் ஆவார். சொல்லாவிட்டால் அண்ணன் வாக்குத் தவறியவன் ஆவான். குற்றமில்லாத மனசையும் அண்ணனையும் சேர்த்து அவருக்குக் கொடுக்க வழியே இல்லை. பேசாமல் விட்டுவிடலாம் என்றான் யூரியன். தொண்ணூற்றிரண்டு வயசுல எதுக்கு இதெல்லாம் என்றான். அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவளும் பேசாமல் இருந்தாள்.

பதினான்காம் தேதி சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தேவாலயத்தில் நாற்பது பேர் அல்ல, அறுபது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் மெத்தை போட்டு வைத்திருந்த நாற்காலி மட்டும் காலி. வயிற்று வலி என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் பகுதியை ஹில்யே வாசித்தாள். சீவாளி நன்றாகப் பேசியது, மூச்சு தாக்குப்பிடித்தது, எல்லாம் சரியாக இருந்தது. முடிந்ததும் யூரியன் தாளைப் புரட்டாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். “இதுக்கு அடுத்ததா ஒரு பகுதி இருந்துச்சு” என்று அவள் ஜனங்களிடம் சொன்னாள். “இப்ப இல்ல.” காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னுடைய பொய்தான் அதில் உட்கார்ந்திருக்கிறது என்று பட்டது. பிறகு மூன்றாம் பகுதியை வாசித்தாள். அதில் சுருதி இரண்டு இடத்தில் நழுவியது. கைதட்டல் பலமாக இருந்தது. கொண்டாட்டத்துக்கு வைத்திருந்த கேக்கைத் தொடாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அத்தை சமையலறையில் உட்கார்ந்திருந்தார். முடியைச் சுருட்டி விட்டிருந்தார். நல்ல கோட்டைப் போட்டுக் கழுத்துவரை பித்தான் மாட்டியிருந்தார். சக்கரம் வைத்த கைத்தாங்கி கதவைப் பார்த்துத் தயாராக நின்றது.

“கிளம்பத்தான் கிளம்பினேன்” என்றார். “அவன் பேர் போட்ட இடத்துல போய் உக்கார மனசு வரல. வயித்து வலி எல்லாம் இல்ல.”

“நானும் பொய்தான் சொன்னேன் அத்தை” என்றாள் ஹில்யே. பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்து, பூதக்கண்ணாடியையும் நகர்த்தி வைத்தாள்.

அத்தை வரிவரியாக விரலை வைத்துப் படித்தார். பென்சில் என்ற இடத்தில் விரல் நின்றது. கடைசி வரிக்குப் போய்விட்டு மறுபடி அங்கேயே வந்தது.

“அப்ப நான்தான் தூக்கிப் போட்டேன்.”

“ஆமா அத்தை. எனக்காகத்தான் போட்டீங்க.”

அத்தை அழுதார். அந்த ஊரில் யாரும் அப்படி அழுது ஹில்யே கேட்டதில்லை. நர்ஸ் துணியோடு போன அன்றைக்கு அழ வேண்டியதையும் சேர்த்து அழுவதுபோல் வாய்விட்டு அழுதார். ஹில்யே என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அழுகை ஓய்ந்தது.

“ஆனா அவன் குடுக்கல” என்றார்.

“குடுக்கல அத்தை. நச்சரிச்சும் குடுக்கல.”

“அது போதும்னு சொல்ல மாட்டேன். போதாது. ஆனா அவன் குடுக்கல.”

குறுக்கெழுத்துப் புதிருக்காக மேசையில் கிடந்த பென்சிலை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். கைத்தாங்கியைத் தள்ளிக்கொண்டு கழிவறைக்குப் போனார். அங்கே வெகுநேரம் இருந்தார். விழுந்துவிட்டாரோ என்று பயந்து ஹில்யே எழுந்தபோது கதவு திறந்தது. அத்தை வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, காபி போட்டார். தகர டப்பாவைத் திறந்து நீட்டினார். ஹில்யே ஒன்று எடுத்துக்கொண்டாள். மூடி மூடவில்லை.

“இன்னொண்ணு எடு” என்றார் அத்தை.

கிளம்பும்முன் ஹில்யே கழிவறைக்குப் போனாள். காலண்டரில் அக்டோபர் தொங்கியது. தாள்களைப் புரட்டி மார்ச் மாதத்தைப் பிடித்தாள். ஒன்பதாம் தேதியில், அறுபத்தைந்து வருடமாகப் பெயரில்லாமல் இருந்த பிள்ளையின் சிலுவைக்குப் பக்கத்தில், நடுங்கிய கையெழுத்தில் ரெய்ன்டர் என்று எழுதியிருந்தது. அந்தப் பன்னிரண்டு தாளிலும் பென்சிலில் எழுதிய பெயர் அது ஒன்றுதான்.